லூப் போட மறுப்பது அக்கறையா? (32 மி.மீ. பஞ்சாயத்து)

நீலாம்பல்:
இன்னொரு இழையில கார்முகில் எழுதின ஒரு வரி ரெண்டு நாளா முள்ளா குத்திக்கிட்டே இருக்கு. "பிள்ளை பெறாத பெண்ணுக்கு லூப் போட மாட்டேன்னு டாக்டர் சொன்னா அது அக்கறை. அந்தக் கர்ப்பப்பையில அது பொருந்தாது." இதுதான் அவர் எழுதினது. (லூப்னா கர்ப்பப்பைக்குள்ள வைக்கிற கருத்தடைச் சாதனம்.)

எனக்கு 29 வயசு. இதுவரைக்கும் மூணு டாக்டரைப் பார்த்துட்டேன். முதல் டாக்டர், "ஒண்ணு பெத்துக்கிட்டு வாங்க, அப்புறம் போடலாம்"னாங்க. கருத்தடை கேட்டுப் போனவகிட்ட சொல்ற பேச்சா இது? ரெண்டாவது டாக்டர் என் முகத்தையே பார்க்கல, "வீட்டுக்காரர் வந்திருக்காரா"ன்னு நர்ஸ்கிட்ட கேட்டார். மூணாவது டாக்டர் மாத்திரை எழுதி நீட்டினார். எனக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. வர்றதுக்கு முன்னாடி கண்ணுல வெளிச்சம் வளைஞ்சு வளைஞ்சு ஓடும். அப்படிப்பட்டவங்களுக்கு ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரை ஆகாது, பக்கவாத ஆபத்து கூடும். இதை அவருக்கு நான் சொல்ல வேண்டியிருந்தது.

மூணு பேர்ல ஒருத்தர்கூட உள்ள பரிசோதனை பண்ணல. ஸ்கேன் எழுதல. அளந்தே பார்க்காம பொருந்தாதுன்னு எப்படித் தெரிஞ்சுது?

கார்முகில்:
என் பேரைப் போட்டுத் தனி இழையா? சரி, பதில் சொல்றேன். காப்பர் டி 380ஏ-ங்கிற காப்பர் லூப்போட ரெண்டு கையையும் விரிச்சா அகலம் 32 மி.மீ., நீளம் 36 மி.மீ. பிள்ளை பெறாதவங்களை அல்ட்ராசவுண்ட்ல அளந்து பார்த்த ஆய்வுகள்ல, கர்ப்பப்பை உள்ளறையோட மேல்பக்க அகலம் பெரும்பாலானவங்களுக்கு 32-க்குக் கீழதான். சின்ன அறையில பெரிய கட்டில் போட முடியுமா? இதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. மத்ததெல்லாம் புலம்பல்.

சிறுதூறல்:
குடும்பநல கிளினிக்ல 14 வருஷமா நர்ஸா இருக்கேன், அதனால சொல்றேன். லூப் உள்ள போகும்போது கை ரெண்டும் மடங்கி மெல்லிசா ஒரு குழாய்க்குள்ள இருக்கும். உள்ள போன பிறகுதான் விரியும். அது வளையுற பிளாஸ்டிக்ங்க, கட்டில் இல்ல. குழந்தை பெறாதவங்களுக்குச் சிரமம் வர்ற இடம் கர்ப்பப்பை வாய். அது இறுக்கமா இருக்கும், உள்வாயைத் தாண்டுறதுதான் கஷ்டம். போடுறதுக்கு முன்னாடி அளவுகம்பி விட்டு ஆழம் பார்ப்போம், பொதுவா 6-லேருந்து 9 செ.மீ. இருந்தா போடலாம். உலக சுகாதார நிறுவனத்தோட தகுதிப் பட்டியல்ல குழந்தை பெறாதவங்க வகை 2. அதாவது பொதுவா ஆபத்தை விட நன்மை அதிகம், போடலாம்.

கார்முகில்:
வகை 2. எந்தத் தடையும் இல்லாத வகை 1 இல்ல! நீங்களே ஒத்துக்கிட்டீங்க, நன்றி. மடங்கிப் போகுதுன்னு எனக்கும் தெரியும். உள்ள போனதும் விரியணுமா வேண்டாமா? விரிஞ்சா 32.

பனித்துளி88:
நான் போட்டுக்கிட்டவ. குழந்தை இல்ல. "லேசா கிள்ளின மாதிரி இருக்கும்"னாங்க. மேசையில படுத்தேன், கால் ரெண்டையும் தூக்கி வச்சாச்சு. பக்கத்துல ஒரு எவர்சில்வர் தட்டு. அதுல நீளமா ஒரு இடுக்கி, நுனியில ரெண்டு கொக்கி. அதைப் பார்த்திருக்கக் கூடாது. "ஒரு தடவை இருமுங்க"ன்னாங்க. இருமின அதே நொடியில கொக்கி கர்ப்பப்பை வாயைக் கவ்வுச்சு. க்ளிக்குனு பூட்டுற சத்தம் காதுல விழுந்துச்சு. அப்புறம் கம்பி உள்ள போச்சு. தொப்புளுக்குள்ளேருந்து யாரோ கயிறு கட்டி இழுத்த மாதிரி ஒரு வலி. காது இரைஞ்சுது, உதடு மரத்துச்சு, சட்டை முதுகோட ஒட்டிப்போச்சு. "அவ்வளவுதான், முடிஞ்சுது"ன்னு சொல்லும்போது எனக்கு அரை மயக்கம்.

லூப் நல்லா இருக்கு, நாலு வருஷம் ஆச்சு, எடுக்கிற எண்ணமும் இல்ல. ஆனா "கிள்ளின மாதிரி"ன்னு சொன்னவங்களை நான் மன்னிக்கல.

தாழம்பூ:
எனக்கு ரெண்டு குழந்தை. ரெண்டாவது பிறந்த பிறகு போட்டாங்க. அஞ்சு நிமிஷம்கூட ஆகல, இறங்கி நடந்து வந்துட்டேன். இப்பல்லாம் எல்லாத்தையும் பெரிசு பண்றாங்க. இப்படி எழுதினா போட நினைக்கிறவங்களும் பயந்து ஓடிடுவாங்க.

பனித்துளி88:
தாழம்பூ அக்கா, உங்க கர்ப்பப்பை வாய் வழியா ரெண்டு தலை வந்திருக்கு. என்னுது வழியா ஒரு குச்சிகூடப் போனதில்ல. உங்க அஞ்சு நிமிஷத்தை வச்சு என் வலியை அளக்காதீங்க.

தாழம்பூ:
எனக்கு ரெண்டுமே சிசேரியன். தெரியாம பேசாதீங்க.

பனித்துளி88:
சொல்லாம எப்படித் தெரியும்? அது சிசேரியனாவே இருக்கட்டும், உங்களுக்கு வலிக்கலைன்னா எனக்கும் வலிச்சிருக்காதுன்னு எப்படி ஆகும்?

கார்முகில்:
பாருங்க! பனித்துளி சொன்னதே எனக்குச் சாட்சி. ஏன் அப்படி வலிச்சுது? பொருந்தல. 32.

பனித்துளி88:
என் கதையை உங்க கணக்குல சேர்க்காதீங்க சார். வலிச்சது கொக்கி கவ்வினப்பவும் கம்பி போனப்பவும். லூப் அப்ப தட்டுலதான் இருந்துச்சு, இன்னும் உறையைக்கூடப் பிரிக்கல!

சிறுதூறல்:
பனித்துளி, நீங்க பட்டதுக்கு ரொம்ப வருத்தமா இருக்குங்க. வலிக்கும்னு முன்னாடியே சொல்லி, மரத்துப்போற ஊசி வேணுமான்னு கேட்டிருக்கணும். கர்ப்பப்பை வாய் பக்கவாட்டுல லிடோகைன் ஊசி போடலாம். 2024-ல அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் வழிகாட்டுதலைப் புதுப்பிச்சப்போ இதைச் சேர்த்திருக்காங்க. வலியைப் பத்தி எல்லார்கிட்டயும் பேசணும், லிடோகைன் உதவலாம்னு இருக்கு. கர்ப்பப்பை வாயை இளக்க மாத்திரை வைக்கிறாங்களே, மிசோபிராஸ்டால், அது எல்லாருக்கும் வழக்கமா வைக்க வேண்டியதில்லைன்னும் அதுலயே இருக்கு. நிறைய இடத்துல இதைத் தலைகீழாத்தான் செய்றாங்க, மாத்திரை உண்டு, ஊசி கிடையாது.

மறுக்கிறவங்க பலபேருக்கு மனசுல இருக்கிறது தொற்று பயம். அது டால்கன் ஷீல்டு காலத்துலேருந்து வர்ற பயம். 1971-லேருந்து 74 வரைக்கும் அமெரிக்காவுல வித்த லூப். அதோட நூல் பல இழை சேர்ந்தது, திரியில எண்ணெய் ஏறுற மாதிரி கிருமி அது வழியா மேல ஏறிடுச்சு. பல பெண்களுக்குக் கடுமையான தொற்று, சிலர் உயிரே போச்சு. இப்ப இருக்கிறது ஒத்தை இழை. தொற்று ஆபத்து கொஞ்சம் கூடுறது போட்ட முதல் 20 நாள்தான். குழந்தையே உண்டாகாதவங்களை வச்சு மெக்சிகோவுல பண்ணின ஆய்வு 2001-ல வந்துச்சு, காப்பர் லூப்பால கருக்குழாய் அடைப்பு கூடலைன்னு அதுல தெரிஞ்சுது. "லூப் போட்டா பின்னாடி பிள்ளை பிறக்காது"ன்னு இன்னமும் சொல்றவங்க இதைப் படிக்கணும்.

கார்முகில்:
டால்கனை நீங்களே இழுத்தது நல்லதாப் போச்சு. பிள்ளை பெறாதவங்களுக்குன்னே சின்ன அளவுல லூப் வித்தது யாரு? அதே டால்கன்தான்! ஆக, அளவு ஒரு பிரச்சினைன்னு அந்தக் காலத்துலயே தெரிஞ்சிருக்கு. நான் சொன்னா மட்டும் தப்பா?

நீலாம்பல்:
அளவு பிரச்சினைன்னா சின்ன அளவு கொடுங்கன்னுதானே கேட்கணும்? 28 மி.மீ. அகல ஹார்மோன் லூப் 2013-லயே அமெரிக்காவுல அனுமதி வாங்கியாச்சு. அதோட குழாயும் மெலிசு, 3.8 மி.மீ. என்கிட்ட மூணு பேர்ல ஒருத்தராவது "இப்படி ஒண்ணு இருக்கு"ன்னு சொன்னாங்களா? இல்ல. "பெத்துட்டு வா"தான். உங்க 32 அவங்க வாயில வரவே இல்ல, கார்முகில். அவங்க சொல்லாத காரணத்தை நீங்க ஏன் அவங்களுக்காகத் தேடிக் கொடுக்கறீங்க?

கார்முகில்:
28-ன்னு நீங்களே இறங்கி வந்துட்டீங்க. அப்ப 32 பொருந்தாதுன்னு ஒத்துக்கிட்டாச்சு.

நீலாம்பல்:
நான் எதையும் ஒத்துக்கல.

சிறுதூறல்:
செயின்ட் லூயிஸ்ல 9,000-க்கும் மேல பெண்களை வச்சு 2007-லேருந்து ஒரு பெரிய ஆய்வு நடந்துச்சு. காப்பர் லூப் போட்டவங்கள்ல 84 சதவீதம் பேர் ஒரு வருஷம் கழிச்சும் அதை எடுக்கல, ஹார்மோன் லூப்ல 88. குழந்தை இல்லாதவங்களும் அதுல நிறைய பேர். பொருந்தாத பொருளை யாராவது ஒரு வருஷம் உள்ள வச்சிருப்பாங்களா? தானா வெளிய வந்துடுறதும் உண்டுதான், மறைக்கல, முதல் வருஷம் சுமாரா இருபதுல ஒருத்தருக்கு. குழந்தை பெத்தவங்களுக்கும்தான் வருது.

கார்முகில்:
ஏன் வெளிய வருது? அளவு. நான் முதல் பதிவுலேருந்து சொல்றது இதைத்தான்.

தாழம்பூ:
எனக்கு ஒரு சந்தேகம். கார்முகில் சார், உங்களுக்குக் கர்ப்பப்பை இருக்கா?

கார்முகில்:
வந்துடுச்சு. எண் வச்சு பேசினா பதில் இல்ல, ஆம்பளைன்னு சொல்லி வாயை அடைக்கணும். என் மனைவி இதால பட்ட கஷ்டம் எனக்குத் தெரியும். ரெண்டு தடவை போட்டு ரெண்டு தடவையும் வெளிய வந்துடுச்சு. அதுக்கப்புறம்தான் இதையெல்லாம் உக்காந்து படிச்சேன்.

பனித்துளி88:
உங்க மனைவிக்கு அப்படி ஆனதுக்கு நிஜமா வருத்தப்படுறேன். ஆனா அவங்களுக்கு ரெண்டு தடவை போட்டுப் பார்க்கிற வாய்ப்பு கிடைச்சுது. நீலாம்பலுக்கு ஒரு தடவைகூடக் கிடைக்கல. அதைத்தானே அவ கேட்கிறா?

கார்முகில்:
எமோஷன் வேற, மில்லிமீட்டர் வேற.

நீலாம்பல்:
போன வருஷம் தைராய்டு இழையிலயும் இப்படித்தான். தப்பான அளவைப் போட்டீங்க, நாலு பேர் எடுத்துச் சொன்னாங்க, கடைசி வரைக்கும் திருத்தல. அதை நான் மறக்கல.

கார்முகில்:
அந்த அளவு தப்பு இல்ல. பரிசோதனைக்கூடத்துக்குக் கூடம் மாறும்னு அங்கேயே எழுதியிருந்தேன். படிச்சவங்களுக்குத் தெரியும்.

நீலாம்பல்:
அப்படி எழுதினது மூணு நாள் கழிச்சு. பழைய பதிவைத் திருத்திட்டு.

நெறியாளர்:
தைராய்டை இங்க இழுக்க வேண்டாம். தனிப்பட்ட தாக்குதல் தொடர்ந்தா இழையைப் பூட்டுவோம்.

சிறுதூறல்:
நீலாம்பல், அடுத்த டாக்டர்கிட்ட போகும்போது மூணு கேள்வியை எழுதி எடுத்துட்டுப் போங்க. "குழந்தை பெறாதவங்களுக்குப் போட்டிருக்கீங்களா? மரத்துப்போற ஊசி போடுவீங்களா? சின்ன அளவு கிடைக்குமா?" முதல் கேள்விக்கே முகம் சுளிச்சா எழுந்து வந்துடுங்க. கர்ப்பம் இல்லைன்னு உறுதியா இருந்தா மாதவிலக்கு நாள்லதான் போடணும்னு கட்டாயமும் இல்ல, "அடுத்த மாசம் வாங்க"ன்னு இழுத்தடிச்சா இதைச் சொல்லுங்க.

நீலாம்பல்:
நன்றி சிறுதூறல். எழுதி வச்சுக்கிட்டேன். வியாழக்கிழமை நாலாவது டாக்டர்.

தாழம்பூ:
நாலாவதா! நான் கேட்கவே இல்ல, ரெண்டாவது பிறந்த பிறகு அவங்களே போட்டுவிட்டாங்க. உனக்குக் கேட்டும் கிடைக்கல.

பனித்துளி88:
கேட்காமலே போட்டாங்களா? அக்கா, அது அதைவிட மோசம்.

தாழம்பூ:
என்கிட்ட கையெழுத்து வாங்கினாங்கன்னுதான் நினைக்கிறேன். நீங்க எல்லாத்துலயும் குத்தம் கண்டுபிடிக்காதீங்க.

கார்முகில்:
இத்தனை பதிவு ஆச்சு. 32 எப்படி அதைவிடச் சின்ன அறைக்குள்ள போகும்னு இன்னும் ஒருத்தரும் சொல்லல.

சிறுதூறல்:
மூணு தடவை சொல்லியாச்சுங்க. மேல போய்ப் படிங்க.