கல்லறைத் தோட்டச் சிலுவையில் சாய்ந்த கல் தட்டு எதற்கு?

கேள்வி:
பிரான்சின் மேற்கில் உள்ள ஓல்னே என்னும் ஊரில், புனித பேதுரு ஆலயத்தைச் சூழ்ந்த கல்லறைத் தோட்டத்தில் 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு சிலுவைத்தூண் நிற்கிறது. படிகளின்மேல் எழும் அத்தூணின் ஒரு பக்கத்தில், புத்தகம் வைக்கவென்றே செதுக்கியதுபோல் சாய்ந்த கல் தட்டு ஒன்று இருக்கிறது. இறந்தோருக்காக நட்ட சிலுவைக்கு இது எதற்கு? அதே வட்டாரத்தில் சில சிலுவைகள், அருகே கல்லறை ஏதுமின்றி ஊர் நடுவில் தனித்து நிற்பது ஏன்?

மறுமொழி 1:
அத்தட்டு நற்செய்தி நூலை வைப்பதற்குரியது. குருத்தோலை ஞாயிறன்று பங்கு மக்கள் கோயிலிலிருந்து பவனியாகக் கல்லறைத் தோட்டத்துக்கு வந்து, அச்சிலுவையைச் சூழ நின்று ஓசன்னா பாடுவர். குரு அங்கேயே நற்செய்தியை வாசிப்பார். ஆதலால்தான் புவாத்து, செந்தோஞ்சு பகுதிகளில் இவற்றுக்கு 'ஓசன்னாச் சிலுவை' என்றே பெயர். தென்னையும் பனையும் இல்லாத நாடு என்பதால், நம் குருத்தோலைக்கு ஈடாக, என்றும் பசுமையான 'புய்' என்னும் குறுஞ்செடியின் கிளைகளை மந்திரித்து ஏந்துவார்கள். இடைக்காலத்தில் எளிய மக்களின் புதைகுழிமேல் பெயர் பொறித்த கல் நாட்டும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. அனைவருக்குமாக நின்றது அந்த ஒரு சிலுவையே. இவற்றை வெறும் சிற்பமாகப் பார்ப்பவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள் என்பது என் கருத்து. மொயேசு ஊரின் 16ஆம் நூற்றாண்டுச் சிலுவை தூண்கள் சூழ்ந்த கல் மண்டபத்தின்மேல் ஓங்கி நிற்பதால் புகழ்பெற்றது. ஆயினும் படிகளும் வாசகத் தட்டும் கொண்ட எளிய தூண்களே வழிபாட்டு முறையைத் தெளிவாகக் காட்டுகின்றன.

மறுமொழி 2:
இரண்டாம் கேள்விக்கு விடை, கல்லறைகள் இடம்பெயர்ந்தன என்பதே. கோயிலுக்குள் புதைப்பதை 1776ஆம் ஆண்டின் அரச ஆணை கட்டுப்படுத்தியது. 1804இல் நெப்போலியன் ஆட்சியின் ஆணை, நகரங்களிலும் பேரூர்களிலும் மக்கள் வாழும் பகுதிக்குள் புதைப்பதை அறவே தடுத்தது. சிற்றூர்களும் நாளடைவில் அவ்வழியே சென்றன. பழைய நிலம் திடலாகவோ சந்தையாகவோ மாற, பெயர்க்கக் கடினமான சிலுவை மட்டும் நின்றது. 1793, 1794ஆம் ஆண்டுகளில் பிரெஞ்சுப் புரட்சியாளர்கள் உடைத்தவை போக எஞ்சியவையே இன்று நாம் காண்பவை.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. அரசையும் சமயத்தையும் பிரித்த 1905ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின், பொதுத் திடலில் இவை நிற்கச் சட்டம் இடம் தருகிறதா?

மறுமொழி 2:
தருகிறது. அச்சட்டத்தின் 28ஆம் பிரிவு, இனிமேல் பொது இடங்களில் சமயச் சின்னம் எழுப்பக் கூடாது என்கிறதே தவிர, முன்பே இருப்பவற்றைத் தொடவில்லை. கல்லறைத் தோட்டங்களுக்கும் விலக்கு அளிக்கிறது. திடலும் கல்லறைத் தோட்டமும் பெரும்பாலும் ஊராட்சியின் உடைமை என்பதால் பராமரிப்பும் அதன் தலையில்தான் விழுகிறது. சில நூறு பேரே வாழும் ஊருக்கு அது சிறிய சுமையன்று.

மறுமொழி 3:
ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். பிரான்சின் வடமேற்கில் உள்ள பிரத்தானி பகுதியின் கல்வாரிச் சிற்பங்களில் (இயேசு சிலுவையில் அறையப்பட்ட காட்சியைக் காட்டும் கற்சிற்பத் தொகுதிகள்) பல, 'கெர்சாந்தோன்' என்னும் கருமையான கடினக் கல்லால் ஆனவை. 1602 முதல் 1604 வரை எழுப்பிய புளுகாஸ்தெல் கல்வாரியின் உருவங்கள் அதனாலேயே இன்றும் கூர்மையாக உள்ளன. செந்தோஞ்சின் சுண்ணாம்புக்கல்லோ மென்மையானது. மழையில் முகங்கள் தேய்ந்துவிடுகின்றன. விரிசலைச் சிமெண்டால் அடைத்தால் ஈரம் உள்ளேயே தங்கிக் கல் உதிரும். சுண்ணாம்புச் சாந்தே அதற்கு ஏற்றது.