மறு: ஆப்ஜெக்ட் லைப்ரரி: பொருள் நூலகமா, உருப்படிக் கிடங்கா?

வணக்கம்.

பாலிடெக்னிக் மாணவர்களுக்கு ஆர்க்கிகேட் என்ற கட்டட வரைவு மென்பொருளுக்குப் பாடக் குறிப்பு எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். கதவு, கட்டில் போன்ற ஆயத்த மாதிரிகளின் தொகுப்பான ஆப்ஜெக்ட் லைப்ரரிக்குப் 'பொருள் நூலகம்' என்று எழுதிக் காட்டினேன். "புத்தகம் எங்கே மேடம்?" என்றாள் ஒரு மாணவி. நியாயமான கேள்வி. போன வாரம் ஒருவன் பி.எல்.என். என்ற திட்டக் கோப்பை மட்டும் பென் டிரைவில் வீட்டுக்குக் கொண்டுபோனான். அவன் இறக்கிவைத்த கட்டிலும் மேசையும் ஆய்வகக் கணினியின் லைப்ரரியிலேயே தங்கிவிட்டன. வீட்டில் திறந்தால் கட்டில் இருந்த இடத்தில் வெறும் புள்ளி. பி.எல்.ஏ. காப்பகக் கோப்பாகச் சேமித்திருந்தால் கூடவே வந்திருக்கும். சரக்கு கோப்புக்கு வெளியே இருக்கிறது என்பதைச் சொல்லே உணர்த்த வேண்டும்.

---

> பொருள் நூலகம்

அம்மா, நூலகத்தை அவசரப்பட்டுத் தள்ளாதீர்கள். நூல் என்பது இழையும்தான். 'மரத்தின் கனக்கோட்டம் தீர்க்கு நூல்' என்று, மரத்தின் கோணலை நேராக்கும் தச்சர் நூலைக் காட்டித்தான் நன்னூலில் பவணந்தியார் நூலின் மாண்பைச் சொல்கிறார். நெடுநல்வாடையில் 'நூலறி புலவர் நுண்ணிதின் கயிறிட்டு' மனை வகுக்கிறார்கள். நூல் கற்றவர்கள் கையில் அளவுக் கயிறு! கட்டடத் துறைக்கு இதைவிடப் பொருந்தும் சொல் ஏது? இடறுவது 'பொருள்'தான். 'உருப்பொருள் நூலகம்' என்று வைக்கலாம்.

---

ஐயா, படிக்கச் சுகமாக இருந்தது. ஆனால் சைட்டில் நூல் என்றால் மேஸ்திரிக்கு அங்குலத்தில் 1/8. நான் தினமும் கேட்பது அதுதான்.

அக்கா, 'உருப்படிக் கிடங்கு' என்று போடுங்கள். உருப்படுதல் என்றால் உருவம் கொள்ளுதல். ஆர்க்கிகேட்டின் நிரல்மொழியான ஜி.டி.எல்.லில் எழுதிய கதவு ஒரு படம் இல்லையே, நிரல். அகலமும் உயரமும் கொடுத்தால் அப்போது உருவெடுக்கிறது.

---

> உருப்படிக் கிடங்கு

உருப்படி சலவைக் கணக்கில் வருவது, தம்பி. கிடங்கு பழைய இலக்கியத்தில் அகழி. மாணவர்களை அகழியில் இறக்கவா?

---

ஐயா, கச்சேரியில் கீர்த்தனையும் உருப்படிதான். கிடங்கு என்றால் இன்றைக்கு நெல் மூட்டைதான் நினைவுக்கு வரும்.

---

எனக்கு வேறு சிக்கல். எம்பெடட் லைப்ரரி கோப்புக்குள்ளேயே இருக்கிறதே, அதையும் கிடங்கு என்பதா? அப்புறம் லைப்ரரி மேனேஜரைக் 'கிடங்கு மேலாளர்' என்றால் யாரோ ஒரு ஆள் போல இருக்கிறது.

---

முதலாவதை 'உட்கிடங்கு' எனலாம், அக்கா. இரண்டாவது ஒரு சாளரம்தானே, 'கிடங்குப் பட்டியல்' போதும். எதை இணைத்தோம், எது விடுபட்டது, எது இரண்டு இடத்தில் இருக்கிறது என்று அதில்தானே பார்க்கிறோம்.

---

பட்டியல் பார்ப்பதற்கு மட்டும். இணைப்பதும் நீக்குவதும் அங்கேதான் நடக்கிறது. சரி, நாள் இல்லை. ஐயாவைத் தவிர மற்றவர்கள் கிடங்கு என்கிறார்கள், உருப்படிக் கிடங்கு, உட்கிடங்கு இரண்டையும் அச்சுக்குக் கொடுக்கிறேன். லைப்ரரி மேனேஜரை அப்படியே விட்டிருக்கிறேன். நல்ல சொல் கிடைத்தால் அடுத்த பதிப்பில் சேர்க்கலாம்.

---

என் வாக்கு நூலகத்துக்கே. பதிவில் இருக்கட்டும், அம்மா.