எண்ணாகமம் 32: ரூபன், காத் கோத்திரத்தார் கேட்டது தப்பா?

கேள்வி:
எல்லோருக்கும் வணக்கம். பழைய ஏற்பாட்டை வரிசையாக வாசித்துக்கொண்டு வருகிறேன், எண்ணாகமம் 32-ல் வந்து நின்றுவிட்டேன். ரூபன், காத் கோத்திரத்தாருக்கு ஆடுமாடுகள் ஏராளம், யாசேர், கீலேயாத் பக்கம் நல்ல மேய்ச்சல், அதனால் யோர்தான் ஆற்றைக் கடந்து கானானுக்குப் போகாமல் இங்கேயே இருந்துவிடுகிறோம் என்கிறார்கள். மோசே கடுமையாகக் கண்டிக்கிறார், ஆனால் கடைசியில் அதே நிலத்தை அவர்களுக்கே கொடுத்துவிடுகிறார். எல்லோருடைய தேவையும்தான் முதலில் என்றால் இது எப்படி? தன் நலம் பார்ப்பதே பாவம் என்று வேதம் சொல்கிறதா, இல்லையா?

பதில் 1:
மோசேயின் கோபம் நிலம் கேட்டதற்காக இல்லை. உங்கள் சகோதரர் யுத்தத்துக்குப் போகும்போது நீங்கள் இங்கே உட்கார்ந்திருப்பீர்களோ என்பதுதான் அவர் கேள்வி. முன்பு கானானை வேவு பார்த்து வந்தவர்களில் சிலர் ஜனங்களின் மனதைக் கலைத்ததால் 40 வருஷம் வனாந்தரத்தில் அலைந்ததை அவர் மறக்கவில்லை, அதையே அந்த இடத்தில் எடுத்துச் சொல்கிறார். அவர்கள் ஆயுதம் தரித்து மற்றவர்களுக்கு முன்னால் போவோம், எல்லோருக்கும் பங்கு கிடைக்கும்வரை வீடு திரும்ப மாட்டோம் என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் சரி என்கிறார். அப்புறம் 16-ம் வசனத்தையும் 24-ம் வசனத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவர்கள் முதலில் ஆடுமாடுகளுக்குத் தொழுவம், பிறகு பிள்ளைகளுக்குப் பட்டணம் என்கிறார்கள். மோசே பிள்ளைகளை முன்னால் வைத்து, தொழுவத்தைப் பின்னால் தள்ளுகிறார். யூத உரையாசிரியர் ராஷியும் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். அவர்கள் சொன்ன சொல்லைக் காப்பாற்றி வீடு திரும்புவது யோசுவா 22-ல் வருகிறது.

பதில் 2:
அதெல்லாம் சரி, ஆனால் இதோடு நிறுத்தினால் யாருக்கும் நஷ்டமில்லாத ஒரு ஏற்பாடு மாதிரி ஆகிவிடும். நெகேமியா 5-ஐயும் வாசியுங்கள். பஞ்சம், ராஜாவுக்குக் கட்ட வேண்டிய வரி, தானியத்துக்காக வயலையும் திராட்சத்தோட்டத்தையும் வீட்டையும் அடகு வைத்த ஜனங்கள், அடிமையாகப் போன பிள்ளைகள். வட்டி வாங்கியது அந்நியர் இல்லை, சொந்த ஜனத்தின் பெரியவர்கள். நானும் என் சகோதரரும் என் வேலைக்காரரும்கூடக் கடன் கொடுத்திருக்கிறோம், இந்த வட்டியை விட்டுவிடுவோம் என்று யூதாவின் அதிபதியாக இருந்த நெகேமியா தன்னையும் சேர்த்துத்தான் சபைக்கு முன்னால் பேசுகிறார். அவருக்கு முன் இருந்த அதிபதிகள் அப்பமும் திராட்சரசமும் போக 40 சேக்கல் வெள்ளியும் ஜனங்களிடம் வாங்கினார்கள். இவர் 12 வருஷமும் அதிபதிக்கு ஜனங்கள் தரவேண்டிய உணவுப் படியைத் தொடவில்லை. அதே சமயம் அவர் பந்தியில் 150 பேர், தினமும் ஒரு காளையும் தேர்ந்தெடுத்த ஆறு ஆடுகளும் சமைக்க வேண்டியிருந்தது. நிலமும் வாங்கவில்லை என்கிறார். ஊரே நிலத்தை அடகு வைக்கிற நேரத்தில் காசு கையிலிருந்தும் வாங்காமல் இருப்பது லேசான காரியமா? வாங்க உரிமை இருந்ததை விட்டதுதான் எனக்கு அங்கே பெரிதாகத் தெரிகிறது.

பதில் 3:
ரூத் 4-ல் இறந்துபோன உறவினரின் நிலத்தை வாங்கி மீட்கும் உரிமை போவாஸுக்கு முன்னால் இன்னொரு உறவினனுக்கு இருந்தது. நிலத்தை வாங்கிக்கொள்கிறேன் என்றவன், அந்தக் குடும்பத்தின் விதவையான ரூத்தையும் மணந்துகொள்ள வேண்டும் என்றதும், என் சொந்தச் சுதந்தரம் (வம்சச் சொத்து) கெட்டுப்போகும் என்று, உரிமையை விட்டதற்கு அடையாளமாகப் பாதரட்சையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போகிறான். அவனை யாரும் திட்டவில்லை, தண்டனையும் இல்லை. ஆனால் அவன் பெயர் அந்தப் புத்தகத்தில் எங்குமே இல்லை, போவாஸின் பெயரோ தாவீதின் வம்ச வரிசையில் நிற்கிறது. உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்: தன் நலம் பார்ப்பது எல்லா நேரமும் பாவம் இல்லை, ஆனால் அதோடு நின்றுவிடுகிறவனைப் பற்றிச் சொல்ல வேதத்துக்கு அதிகம் இல்லை.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. நெகேமியா 5-ஐ இப்போதுதான் வாசித்தேன். கடைசி வசனத்தில், இந்த ஜனங்களுக்கு நான் செய்ததையெல்லாம் எனக்கு நன்மையாக நினைத்தருளும் என்று ஜெபிக்கிறாரே, அதுவும் தனக்காகத்தானே?

பதில் 2:
ஆமாம், தனக்காகத்தான். ஆனால் ஜனங்களிடம் கூலி கேட்கவில்லை, தேவனிடம் கேட்கிறார். அதனால்தான் அந்த 12 வருஷமும் அவர்களுடைய அப்பத்தில் கைவைக்காமல் இருக்க முடிந்தது என்று நினைக்கிறேன்.