புதுப்பிப்பு: எலிவேட்டர் மோட்டர் ட்ரிப் ஆன பிரச்சினை தீர்ந்தது

பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி. சம்மாந்துறைப் பக்கம் ஒரு அரிசி ஆலையில் நெல் ஏற்றும் எலிவேட்டர் மோட்டர் ஓவர்லோடில் (கரண்ட் அளவு மீறி) அடிக்கடி நின்றுபோகுது, பெயரிங், பெல்ட் மாற்றியும் பழி எல்லாம் மெயின்டனன்ஸ் ஆக்களான எங்களின் தலையிலேயே விழுகுது என்று முன்பு கேட்டிருந்தேன்.

சரிவந்தது கன்டாக்டரை, அதாவது மோட்டருக்குக் கரண்டைக் கொடுத்து நிறுத்தும் பேனல் சுவிட்சைப் பார்க்கச் சொன்னவரின் யோசனைதான். மோட்டர் லோடில் ஓடும்போது, கரண்ட் வரும் மூன்று லைன்களில் (பேஸ்) ஒவ்வொன்றிலும் கன்டாக்டருக்கு உள்ளே போகும் முனைக்கும் வெளியே வரும் முனைக்கும் இடையில் வோல்டேஜ் பார்த்தேன். இரண்டில் ஏறக்குறைய பூச்சியம், நடுப் பேஸில் மட்டும் சில வோல்ட் காட்டியது. மெயினை நிறுத்திக் கழற்றினால் அந்தப் பேஸின் பொயின்ட் (கன்டாக்டருக்குள் தொட்டு விலகும் உலோகத் துண்டு) கறுத்துக் குழி விழுந்து, ஓரத்தில் உருகிய உலோகம் திரண்டு கிடந்தது. 400 வோல்ட் லைனில் இது பெரிய விஷயமா என்று விட்டுவிடாதீர்கள், பேஸ்களுக்கு இடையே வோல்டேஜில் 1 சதவீத ஏற்றத்தாழ்வு இருந்தாலே கரண்டில் அது 6 முதல் 10 சதவீதம் வரை வரும், அதில்தான் மோட்டர் ட்ரிப் ஆனது. புது கன்டாக்டர் போட்டதும் மூன்று பேஸும் சமம்.

எதிர்பாராத ஒன்று: எத்தனை அம்பியரில் மோட்டர் நிற்க வேண்டும் என்று வைக்கும் ஓவர்லோட் டயலை யாரோ மோட்டர் தகட்டில் உள்ள அம்பியரைவிடக் கூட்டி வைத்திருந்தார்கள். நின்றால் எங்களுக்குச் சொல்லாமலே ரீசெட்டை அமுக்கி ஓட்டுவதும் நடந்திருக்கிறது, அதுதான் எனக்கு உண்மையில் கோபம். கருகிய பொயின்டை மேலாளரின் மேசையில் வைத்த பிறகு பேனலுக்குப் பூட்டுப் போட்டாயிற்று. ட்ரிப் ஆனால் முதலில் எங்களைக் கூப்பிட வேண்டும் என்றும் ஷிப்ட் ஆக்களுக்குச் சொல்லிவிட்டார்.