1999 ஜீப் செரோக்கி: துருவில் இறுகிய முன் ஹப்பைக் கழற்றுவது எப்படி?

கேள்வி:
நாலு வீல் டிரைவ் வண்டி. வேகம் கூடினால் முன்பக்கம் 'ஊம்' என்று இரைகிறது, இடப்பக்கம் திரும்பும்போது இன்னும் அதிகம். பேரிங் மட்டும் மாற்றலாமா?

பதில் 1:
இடப்பக்கம் திரும்பும்போது பாரம் வலச் சக்கரத்தில் விழும். அதனால் முதல் சந்தேகம் வலது ஹப் (சக்கரம் பொருந்தும் நடுப்பகுதி). ஜாக்கி போட்டு மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆனால் பால் ஜாயிண்ட் (சக்கரம் திரும்ப உதவும் உருண்டை மூட்டு) தேய்ந்தாலும் அதே ஆட்டம் வரும். பேரிங் தனியாக வராது, ஹப்போடு ஒரே யூனிட். சக்கரம் தரையில் இருக்கும்போதே 36 மி.மீ. ஆக்ஸில் நட்டைத் தளர்த்திவிடுங்கள். ஹப்புக்குப் பின்னால் மூன்று போல்ட், 13 மி.மீ., பன்னிரண்டு முனை சாக்கெட்தான் வேண்டும், ஆறு முனை உட்காராது. பிரேக் காலிப்பரைக் (டிஸ்கைப் பிடிக்கும் பாகம்) கம்பியில் கட்டுங்கள், பிரேக் ஹோஸில் தொங்கவிடாதீர்கள்.

பதில் 2:
துருவுக்கு: முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெய் அடியுங்கள். போல்ட்டை முழுதாக எடுக்காமல் ஆறேழு மி.மீ. தளர்த்தி, பழைய சாக்கெட்டை மாட்டி அதன்மேல் மாறி மாறித் தட்டினால் ஹப் சமமாக வெளியே வரும். ஒரே பக்கம் தட்டினால் கோணிக்கொண்டு இன்னும் இறுகும். ஆக்ஸிலை உருவினால் பாரத்தைத் தாங்கிப் பிடியுங்கள், இல்லாவிட்டால் உள் சீல் (எண்ணெய் கசியாமல் தடுக்கும் வளையம்) கிழியும். அப்படியே யூ-ஜாயிண்டையும் (ஆக்ஸிலின் வளையும் மூட்டு) பார்த்துவிடுங்கள்.

பதில் 3:
நக்கிள் (ஹப் பொருந்தும் பாகம்) துளையைக் கம்பி பிரஷால் தேய்த்து, ஆன்டி-சீஸ் (துருவில் இறுகாமல் தடுக்கும் பசை) பூசி ஹப்பை மாட்டுங்கள். ஹப் போல்ட் 102 நியூட்டன் மீட்டர், ஆக்ஸில் நட் 237. காட்டர் பின் (நட் கழலாமல் தடுக்கும் ஊசி) புதியது போடுங்கள். நட் இறுகாமல் வண்டியை உருட்டாதீர்கள். அந்த இறுக்கம்தான் பேரிங்கைச் சேர்த்துப் பிடிக்கிறது.