வீட்டுல 10 மீட்டர் ஏர் பிஸ்டல்: ராத்திரி வெளிச்சத்துல முன் சைட் கலங்குது. லைட்டை மாத்தணுமா, சைட்டை மாத்தணுமா?

அல்சூர்_மாடி

வணக்கம். பெங்களூரு அல்சூர்ல மாடி ஹாலும் பெட்ரூமும் ஒரே நேர்கோட்டுல வர்றதால சரியா 10 மீட்டர் கிடைக்குது. ஆபீஸ் முடிஞ்சு ராத்திரி எட்டு மணிக்கு மேலதான் பயிற்சி. டார்கெட்டுக்கு நேர் மேல, சுவரோட ஒட்டி, 20 வாட் எல்இடி ட்யூப் ஒண்ணு இருக்கு. டார்கெட் பளிச்சுனு தெரியட்டும்னு நான் நிற்கிற இடத்துல லைட்டை அணைச்சிடுறேன்.

ஞாயிறு காலையில ஜன்னல் வெளிச்சத்துல 9-ஆம் வளையத்துக்குள்ள நிற்கிற குரூப் (ஷாட்கள் விழுற கூட்டம்), ராத்திரியில 7-ஆம் வளையம் வரைக்கும் விரியுது. பக்கவாட்டுல இல்ல, மேலும் கீழுமாத்தான். முன் சைட்டோட (குழல் நுனியில இருக்கிற குறிப் பட்டை) மேல் விளிம்பு பஞ்சு ஒட்டின மாதிரி தெரியுது. முன் சைட் அகலம் 4 மி.மீ., வயசு 43, கண்ணாடி பவர் -1.50. ஃபைபர் ஆப்டிக் முன் சைட் போட்டா சரியாகுமா? இல்ல டார்கெட்டுக்கு இன்னும் பெரிய ஃப்ளட் லைட் வேணுமா?

பத்துமீட்டர்

ரெண்டுமே வேண்டாங்க. நீங்க அணைச்சு வெச்சிருக்கிற அந்த லைட்தான் கோளாறுக்குக் காரணம்.

இருட்டுல நிற்கும்போது கண்மணி விரியும். அது விரிய விரிய, ஒரே நேரத்துல தெளிவாத் தெரியுற தூரம் குறுகும். முன் சைட் கண்ணுல இருந்து ஏறக்குறைய 1 மீட்டர், டார்கெட் 10 மீட்டர். நல்ல வெளிச்சத்துல முன் சைட் கூர்மையாவும் கறுப்பு வட்டம் லேசா மங்கலாவும் தெரியும். இருட்டுல கண்ணோட ஃபோகஸ் முன் சைட்டுக்கும் டார்கெட்டுக்கும் நடுவுல அலையும். மேல் விளிம்பு எங்க முடியுதுன்னு கண்ணுக்கே உறுதியா தெரியாதப்போ குரூப் மேலும் கீழும்தான் விரியும்.

அது எவ்வளவு பெரிய விஷயம்னு கணக்குப் போட்டுப் பாருங்க. முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடைவெளி 330 மி.மீ.னு வெச்சுக்குவோம். முன் சைட், பின் சைட்டோட நாட்ச்சுக்குள்ள (வெட்டுக்குள்ள) 0.1 மி.மீ. ஏறினா டார்கெட்ல 3 மி.மீ. தப்பும். 0.3 மி.மீ. ஏறினா 9 மி.மீ. ஏர் பிஸ்டல் டார்கெட்ல ஒரு வளையத்தோட அகலம் 8 மி.மீ.தான். ஒரு பாயிண்ட் போச்சு.

ஐ.எஸ்.எஸ்.எஃப். (சர்வதேச துப்பாக்கிச் சுடுதல் கூட்டமைப்பு) விதிப்படி 10 மீட்டர் ரேஞ்சுல பொது வெளிச்சம் குறைந்தது 300 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்குற அலகு), டார்கெட் மேல குறைந்தது 1500 லக்ஸ். வீட்டுலயும் இதையே குறி வையுங்க. எஸ்.பி. ரோட்டுல (பெங்களூரு எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெரு) ஒரு சாதாரண டிஜிட்டல் லக்ஸ் மீட்டர் வாங்கிடுங்க. போன் ஆப் காட்டுற எண்ணை நம்பி லைட் வாங்காதீங்க, ஒவ்வொரு போன்லயும் ஒரு கணக்கு வரும்.

டார்கெட்: சுவரோட ஒட்டின ட்யூப்ல இருந்து வர்ற வெளிச்சம் பேப்பரை உரசிக்கிட்டுப் போகுது. அதனாலதான் 20 வாட் போட்டும் பத்தல. டார்கெட் பேப்பரை மாட்டுற, பெல்லட்டைப் பிடிக்கிற பெட்டியோட மேல் உதடு பேப்பர் மேல நிழல் போடும், மேல் பாதியும் கீழ் பாதியும் வேற வேற வெளிச்சத்துல இருக்கும். 7 வாட், 36 டிகிரி எல்இடி ஸ்பாட் ரெண்டு வாங்குங்க. டார்கெட்டுக்கு முன்னால 70–80 செ.மீ.ல, மேல இடமும் வலமுமா, 45 டிகிரி சாய்வுல வையுங்க. தூரத்தைப் பாதியாக்கினா வெளிச்சம் நாலு மடங்கு ஆகும், அதனால ஸ்டாண்டை நகர்த்தியே அளவைச் சரி பண்ணிடலாம். பேப்பரோட நாலு மூலையிலயும் நடுவுலயும் மீட்டரை வெச்சுப் பாருங்க. பெரிய ஃப்ளட் லைட் போட்டா வெள்ளைப் பேப்பர் கண்ணைக் கூசி, சைட் விளிம்பை இன்னும் கரைச்சிடும்.

நிற்கிற இடம்: 20 வாட் பேட்டன் (நீளப் பட்டை எல்இடி லைட்) ரெண்டு, வெளிச்சம் வெள்ளைக் கூரையில பட்டுத் திரும்புற மாதிரி. பல்பு நேரா கண்ணுல படக் கூடாது. நடுவுல இருக்கிற தூரத்துக்கும் ஒரு ட்யூப் எரியட்டும். குகைக்குள்ள இருந்து வெளியே பார்க்கிற நிலைமை வரக் கூடாது. எல்லாமே 4000 கெல்வின்ல ஒரே மாதிரி இருந்தா நல்லது.

ஃபைபர் ஆப்டிக் சுத்தி இருக்கிற வெளிச்சத்தைத்தான் வாங்கிக் காட்டும், இருட்டுல தானா ஒளிராது. உங்களுக்கு வேண்டியது தட்டையான கறுப்பு மேல் விளிம்பு, அது தர்றது உருண்டைப் புள்ளி. போட்டியிலயும் அதுக்கு அனுமதி கிடையாது.

லைட் சரியான பிறகு 4.5 மி.மீ. முன் சைட் போட்டுப் பாருங்க. பின் நாட்ச்சைத் திறந்து, ரெண்டு பக்கமும் முன் சைட் அகலத்துல மூணுல ஒரு பங்கு வெள்ளை தெரியுற மாதிரி வையுங்க. கறுப்பு வட்டத்தோட அடியைத் தொட்டு குறி பார்க்கிறவரா இருந்தா அதை விட்டுடுங்க. மங்கல்ல கறுப்பும் கறுப்பும் ஒட்டிக்கும். வட்டத்துக்குக் கீழ ஒரு பட்டை வெள்ளை விட்டு நிறுத்துங்க.

கண்ணாடி_அளவு

வெளிச்சம் பாதிதான் சார், மீதி பவர். -1.50 கண்ணாடி தூரப் பார்வைக்கு. அதைப் போட்டுக்கிட்டு 1 மீட்டர்ல இருக்கிற முன் சைட்டைப் பார்க்க உங்க கண் 1 டயாப்டர் உழைக்கணும். 43 வயசுல பத்து ஷாட் வரைக்கும் அது முடியும்; 60 ஷாட்டுக்குத் தாங்காது.

தூரப் பவரோட +0.50 கூட்டி, -1.00-ல சுடுற கண்ணுக்கு மட்டும் ஒரு லென்ஸ் போடுங்க. சிலிண்டர் பவர் இருந்தா அதையும் ஆக்ஸிஸையும் தொடக் கூடாது. +0.50 போட்டா கண் தளர்வா இருக்கும்போது 2 மீட்டர்ல நிற்கும், முன் சைட்டுக்கு வரக் கொஞ்சம் உழைச்சாப் போதும், டார்கெட்டும் ரொம்பக் கரையாது. அப்பவும் பத்தலைன்னா +0.75. அதுக்கு மேல போனா கறுப்பு வட்டம் சாம்பல் உருண்டை ஆகிடும். ப்ராக்ரெசிவ் கண்ணாடி வேண்டவே வேண்டாம். தலை இம்மி அசைஞ்சாலும் பவர் மாறும்.

கண்ணாடிக் கடைக்குப் பிஸ்டலை எடுத்துட்டுப் போகாதீங்க. கை நீட்டி நிற்கும்போது கண்ணுக்கும் முன் சைட்டுக்கும் எத்தனை செ.மீ.னு வீட்டுலயே டேப்ல அளந்து, அந்த எண்ணைச் சொல்லுங்க. ட்ரையல் ஃப்ரேம்ல (கடையில லென்ஸ் மாத்தி மாத்திப் பார்க்கிற ஃப்ரேம்) லென்ஸ் போட்டு அதே தூரத்துல ஒரு கறுப்புப் பட்டையைப் பார்த்தாலே போதும்.

இன்னொரு கண்ணை மூடாதீங்க, சுருக்கினா சுடுற கண்ணும் இறுகும். 30 மி.மீ.க்கு மிகாத வெள்ளை மறைப்பு ஒண்ணு போதும். ஐரிஸ் ஓட்டை (கண்ணாடி முன்னால மாட்டி, சுருக்கி விரிக்கிற சின்ன ஓட்டை) வெச்சுக் கூர்மை தேடறது பகல் வேலை. ராத்திரியில அது இருக்கிற வெளிச்சத்தையும் தின்னுடும்.

கரிப்பூச்சு

விட்டுப்போனதைச் சொல்றேன். சைட் பளபளத்தா எந்த லைட்டும் உதவாது. இரும்பு பிளேடா இருந்தா திருகைக் கழற்றி, பிஸ்டலையும் ஏர் சிலிண்டரையும் வேற அறையில வெச்சுட்டு, சூடம் கொளுத்தி, இடுக்கியில பிளேடைப் பிடிச்சு நெருப்பு நுனிக்கு 2–3 செ.மீ. மேல காட்டுங்க. கண்மைக்குப் பிடிக்கிற மாதிரியே கரி படியும், துளி மினுக்கம் இருக்காது. விரல் பட்டா போயிடும், மறுபடி பிடிக்கணும். பிளாஸ்டிக் பிளேடுக்கு மேட் கறுப்பு மார்க்கர்தான்.

ஸ்பாட் லைட்டுக்கு நீங்க சுடுற பக்கத்துல 3 மி.மீ. இரும்புத் தகடு நிறுத்துங்க, பிசகின பெல்லட் பல்பை உடைச்சிடும். கரண்ட் போய் இன்வெர்ட்டர்ல ஓடும்போது மலிவான எல்இடி துடிக்கும். போன்ல ஸ்லோ மோஷன் எடுத்தா பட்டை பட்டையாத் தெரியும், அன்னைக்கு ட்ரை ஃபயரோட (பெல்லட் இல்லாம ட்ரிகர் இழுக்கிற பயிற்சி) நிறுத்திக்கோங்க. பெட்ரூம் கதவை உள்பக்கம் தாழ் போடாம ஒரு பெல்லட்கூட ஏத்தாதீங்க. தரையில ஈயத்தூள் இருக்கும், உலர்ந்த துடைப்பம் வேண்டாம், ஈரத்துணிதான்.

அல்சூர்_மாடி

ரொம்ப நன்றிங்க. மீட்டர் வாங்கி அளந்தேன்: டார்கெட் மேல் பாதி 880, கீழ் பாதி 410, நான் நிற்கிற இடம் வெறும் 12! இப்போ டார்கெட் 1700, நிற்கிற இடத்துல எனக்கு இடப்பக்கம் ஒரு பேட்டன் மட்டும் போட்டு 310 வந்திருக்கு. பஞ்சு போயிடுச்சு, உயரம் அடங்கிடுச்சு. ஆனா குரூப் மொத்தமா 6 மி.மீ. இடப்பக்கம் போகுது. பின் சைட்ல க்ளிக் (குறியை நகர்த்துற திருகு) திருப்பவா?

பத்துமீட்டர்

திருப்பாதீங்க. பக்கத்துல இருந்து வெளிச்சம் படும்போது முன் சைட்டோட இட விளிம்பு மினுங்கி வெள்ளையோட கலந்துடும். மீதிக் கறுப்பு வலப்பக்கம் தள்ளி இருக்கிற மாதிரி கண் எடுத்துக்கும். இடைவெளியைச் சமமாக்க நீங்க முன் சைட்டை இடப்பக்கம் நகர்த்துவீங்க, ஷாட் லைட் இருக்கிற பக்கமே போகும். ரெண்டாவது பேட்டனை வலப்பக்கம் அதே உயரத்துல, அதே தூரத்துல போடுங்க. கரி பிடிச்சு, 10 ஷாட் சுடுங்க. அதுக்கப்புறமும் குரூப் நடுவுக்கு வரலைன்னா மட்டும் க்ளிக்.