இந்தியாவிலிருந்து மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் புதிதாக வந்து, சிசேரியனுக்குத் தேதியும் வாங்கியிருப்பவர்களுக்கு

சிசேரியனுக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள், பையில் என்னென்ன வைப்பது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். இணையத்தில் சுற்றும் பட்டியல்களைப் பார்த்து ஈப்போ கடைகளுக்கு ஓடாதீர்கள். அவை பெரும்பாலும் வலி வந்து, நடந்து, உட்கார்ந்து, எழுந்து பெற்றுக்கொள்பவர்களுக்காக எழுதியவை. தேதி குறித்த ஆபரேஷனில் கதை வேறு. ஆபரேஷன் நடக்கும் நாளில் உங்கள் பையை நீங்கள் திறக்கப் போவதே இல்லை. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்திருக்கும், கையில் டிரிப்ஸ், கீழே சிறுநீர்க் குழாய், மார்பில் குழந்தை. பையைத் திறப்பது மிஸியாக (இங்கே நர்சை அப்படித்தான் அழைப்பார்கள்) இருக்கும், இல்லையென்றால் பார்வை நேரத்தில் வந்து போகும் கணவர், அதுவும் இல்லையென்றால் பக்கத்துக் கட்டில் அக்கா. அவர்கள் தேடாமல் எடுக்கும்படி கட்டுவதுதான் வேலை.

அதனால் ஒரே பெரிய பையில் எல்லாவற்றையும் மடித்துத் திணிக்காமல், உள்ளே இருப்பது தெரிகிற ஜிப் பைகளில் பிரித்து வையுங்கள். குழந்தைக்காக ஆபரேஷன் அறைக்குப் போக வேண்டியது ஒன்று, வார்டுக்குத் திரும்பியதும் உங்களுக்கு வேண்டியது ஒன்று, வீட்டுக்குக் கிளம்பும்போது வேண்டியது ஒன்று. மேலே மலாயில் எழுதி ஒட்டுங்கள், 'பாயி' (bayi) என்றால் குழந்தை, 'இபு' (ibu) என்றால் தாய். மிஸி தமிழ்ப் பெண்ணாக இருந்தால் நல்லது, ஆனால் அதை நம்பிப் பை கட்ட முடியாது.

முதலில் காகிதம். துணியை மறந்தால் யாராவது வாங்கி வந்து தருவார்கள், காகிதத்தை மறந்தால் அட்மிஷன் கவுன்ட்டரிலேயே நிற்க வேண்டியதுதான். கிளினிக்கில் கொடுத்த பிங்க் புத்தகம் (கர்ப்பகாலப் பரிசோதனைகளைக் குறிக்கும் புத்தகம்), உங்கள் இருவரின் பாஸ்போர்ட், வேலை பாஸ் அல்லது டிபென்டன்ட் பாஸின் நகல், திருமணச் சான்றிதழ். நம் ஊர்ச் சான்றிதழ் தமிழில் மட்டும் இருந்தால் மொழிபெயர்ப்பை இப்போதே செய்து வைத்துக்கொள்ளுங்கள், குழந்தையின் பிறப்பைப் பதியப் போகும்போதும் அது வேண்டும். முதல் பிரசவம் ஊரில் சிசேரியனாக நடந்திருந்தால் அந்த டிஸ்சார்ஜ் சம்மரியை எப்படியாவது வரவழைத்துவிடுங்கள். கர்ப்பப்பையை எப்படி வெட்டினார்கள், ரத்தம் அதிகம் போனதா என்பதெல்லாம் இங்குள்ள டாக்டருக்குத் தெரிய வேண்டும். ஊரிலிருந்து கொண்டுவந்த மாத்திரை எதையாவது சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அட்டையோடு எடுத்து வாருங்கள், கூடவே மருந்தின் அசல் பெயரை ஒரு தாளில் எழுதுங்கள். நம் ஊர்க் கம்பெனி வைத்த பெயர் இங்கே யாருக்கும் தெரியாது.

பணம். அரசு மருத்துவமனையில் உள்ளூர்க்காரர்கள் சில வெள்ளி (ரிங்கிட்) கட்டிவிட்டுப் போவதைப் பார்த்து நமக்கும் அப்படித்தான் என்று நினைத்துவிடாதீர்கள். வெளிநாட்டவருக்கு முழுக் கட்டணம், சேரும்போதே முன்பணமும் உண்டு. தேதி தெரிந்த கையோடு கணவரைக் கட்டணக் கவுன்ட்டருக்கு அனுப்பி, மூன்றாம் வகுப்பு வார்டில் ஆபரேஷனுக்கு எவ்வளவு முன்பணம், கார்டு எடுப்பார்களா, கம்பெனியின் கேரண்டி லெட்டர் செல்லுமா என்று நேரிலேயே கேட்டு வரச் சொல்லுங்கள். தோட்டக் கம்பெனிகளும் ஆலைகளும் கொடுக்கும் இன்சூரன்சில் பிரசவம் அடங்காமல் இருப்பது சகஜம், எச்.ஆர். ஆளிடம் எழுத்தில் கேளுங்கள். இன்னொன்று, பேங்க் ஆப்பில் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் அனுப்பலாம் என்று வரம்பு இருக்கும். அதை முன்கூட்டியே உயர்த்தி வையுங்கள், காலை ஏழு மணிக்குக் கவுன்ட்டர் முன்னால் நின்றுகொண்டு அந்த வேலையைச் செய்ய வேண்டாம்.

நம் டவுனில் மருத்துவமனை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, ஆனால் சிசேரியன் என்றால் பெரும்பாலும் ஈப்போ ராஜா பெர்மாய்சூரி பைனுன் மருத்துவமனைதான், அல்லது ஈப்போவில் ஏதாவது தனியார். ஏறக்குறைய 30 கிலோமீட்டர், செம்மோர் வழியாகப் பழைய சாலை, இல்லாவிட்டால் ஹைவே. தூரம் பெரிதில்லை. ஆனால் தோட்டத்தின் பிரிவான டிவிஷன் உள்ளே, செம்பனை மரங்களுக்கு நடுவில் குடியிருப்பவர்களுக்கு மெயின் ரோட்டை எட்டுவதே ஒரு பயணம். ராத்திரியில் கிராப் வாடகைக் கார் வரும் என்று எண்ணாதீர்கள். கார் வைத்திருக்கும் இரண்டு வீட்டில் இப்போதே சொல்லி வையுங்கள். ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், நாம் குறித்த தேதிக்குக் குழந்தை காத்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வேறு சிக்கல் இல்லாத சிசேரியனைப் பொதுவாக 39 வாரத்தை ஒட்டித்தான் வைப்பார்கள், அதற்கு முன்பே வலி வரலாம், பனிக்குடம் உடையலாம். ஆகவே பை 36 வாரத்தில் கட்டி முடிந்திருக்கட்டும். வலி வந்தாலோ பனிக்குடம் உடைந்தாலோ எதுவும் சாப்பிடாமல் உடனே கிளம்புங்கள், ஆம்புலன்சுக்கு 999.

அடுத்தது நகை, மருதாணி. ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ வளைகாப்பு வைக்கிறோம், கை நிறைய வளையல், விரல் நுனி வரை மெஹந்தி. ஆபரேஷன் டேபிளில் ஆக்சிஜன் அளக்கும் கிளிப்பை விரல் நுனியில்தான் மாட்டுவார்கள். அடர்த்தியான மருதாணியும் நகப் பூச்சும் அந்தக் கணக்கைக் குழப்பலாம். உள்ளங்கையில் எவ்வளவு வேண்டுமானாலும் போடுங்கள், விரல் நுனியையும் நகத்தையும் விட்டுவிடுங்கள். வளையல், மெட்டி, மூக்குத்தி, தாலிக்கொடி எல்லாம் கழற்றச் சொல்வார்கள். ரத்தம் நிறுத்த மின்சாரக் கருவி பயன்படுத்துவார்கள், உலோகம் உடம்பில் இருந்தால் சுடும் ஆபத்து உண்டு, கை கால் வீங்கினால் மோதிரமும் இறுகும். தாலியைக் கழற்ற மனம் வராதவர்கள் உலோகம் எதுவும் கோக்காத வெறும் மஞ்சள் கயிறு கட்டிக்கொள்ளலாமா என்று முன்பே கேட்டுப் பாருங்கள். தங்கத்தை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள், வார்டு லாக்கரில் வேண்டாம். வயிற்றுக்குக் கீழே ரோமம் மழிப்பதை வீட்டில் நீங்களே செய்யாதீர்கள். பிளேடு கீறினால் அந்த இடத்தில் கிருமி புகும், தேவையானால் அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

உடுப்பு விஷயத்தில் என் சிபாரிசு ஒன்றே ஒன்று: பாத்திக் கைலி. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் அந்தக் கைலியில் நாலைந்து வாங்கிக்கொள்ளுங்கள். உடுத்தலாம், விரிக்கலாம், குளிர்ந்தால் போர்த்தலாம், பால் கொடுக்கும்போது மறைத்துக்கொள்ளலாம். மேலே முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டி. உள்ளாடை தொப்புளுக்கு மேலே ஏறுகிற பெரிய அளவாக, பருத்தியில் இருக்கட்டும். சாதாரண அளவின் எலாஸ்டிக் சரியாகத் தையல் மேலேயே வந்து உட்காரும். ஆபரேஷன்தானே, ரத்தப்போக்கு இருக்காது என்று ஒரு நினைப்பு பலருக்கும் இருக்கிறது. இருக்கும், வாரக்கணக்கில் இருக்கும், பிரசவத்துக்கான பெரிய நாப்கின் தாராளமாக வையுங்கள். ஒரு ஜோடி சாக்ஸ், ஒரு மெல்லிய ஸ்வெட்டர். மலேசியாவில் ஸ்வெட்டரா என்று சிரிக்காதீர்கள், ஆபரேஷன் அறையின் ஏர்கான் ஒரு பக்கம், முதுகில் போட்ட ஊசியின் நடுக்கம் ஒரு பக்கம், பல் கிட்டிக்கும். வயிற்றைச் சுற்றிக் கட்டும் பெல்ட் வாங்கலாமா என்றால், டாக்டரைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

சாப்பாடு. திட உணவை 6 மணி நேரம் முன்பும், வெறும் தண்ணீரை 2 மணி நேரம் முன்பும் நிறுத்துவது பொதுவான வழக்கம். உங்கள் வார்டில் நள்ளிரவுக்குப் பின் எதுவும் கூடாது என்றால் அதுதான் உங்களுக்குச் சட்டம். மைலோவும் பால் டீயும் தண்ணீர்க் கணக்கில் சேராது. சர்க்கரைக்கு மருந்தோ இன்சுலினோ எடுப்பவர்கள் அன்று காலை எவ்வளவு என்று முதல் நாளே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவசரக் கேஸ் வந்தால் உங்கள் முறை தள்ளிப்போகும், பட்டினி நீளும், அதற்கு மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். சைவம் என்றால் சேரும்போதே சொல்லிப் பதிய வையுங்கள். அப்புறம், வளைகிற ஸ்ட்ரா. படுத்தபடியே குடிக்க அதைப் போல எதுவும் இல்லை.

குழந்தைக்கு நீங்கள் நினைப்பதில் பாதி போதும். துணி, தொப்பி, காலுறை, சுற்றுவதற்கு மெல்லிய துணி, டயப்பர், துடைக்கப் பஞ்சு. பால் புட்டியும் பால் பவுடரும் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோகாதீர்கள், தாய்ப்பால்தான் அங்கே நடைமுறை, சூப்பானையும் விரும்பமாட்டார்கள்.

இதில் நிதானமாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. இங்கே பிறக்கும் குழந்தைக்குத் தொப்புள்கொடி ரத்தத்தில் ஜி6பிடி என்ற என்சைம் போதுமான அளவு இருக்கிறதா என்று பரிசோதனை செய்வார்கள், நம் ஊரில் இதை எல்லா இடத்திலும் செய்வதில்லை. அந்த என்சைம் குறைவாக உள்ள குழந்தைக்குச் சில பொருட்கள் பட்டால் ரத்தச் சிவப்பணு உடைந்து மஞ்சள் காமாலை வேகமாக ஏறும். அந்தப் பொருட்களில் முக்கியமானது அந்துருண்டை. அலமாரியில் அந்துருண்டை போட்டு வைத்திருந்த அக்கா குழந்தையின் பழைய சட்டை, ஊரிலிருந்து பாட்டி பெட்டியில் வரும் பழஞ்சேலைத் துணி, இரண்டையும் பையில் வைக்காதீர்கள். குழந்தைத் துணிக்கு முதல் நாளிலிருந்தே அந்துருண்டை வாசமே படாத தனி டப்பா இருக்கட்டும். கற்பூரம், மென்தால் கலந்த தைலங்களும் வேண்டாம். இந்த ஊரில் எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரு தைலப் புட்டி இருக்கும், பிள்ளைக்கு வயிறு உப்புகிறது, தடவு என்று அன்போடு நீட்டுவார்கள், சிரித்தபடி வாங்கி வைத்துவிடுங்கள். பிரசவ லேகியம், பத்திய மருந்துப் பொடி எதுவானாலும் பரிசோதனை முடிவு தெரிந்து, டாக்டரிடம் காட்டிய பிறகுதான் நீங்களும் சாப்பிடலாம். குறைபாடு இருப்பதாக வந்தால் குழந்தையைச் சில நாள் கூடுதலாக வைத்துப் பார்ப்பார்கள், அதற்காகவே வீட்டில் இன்னொரு சின்னப் பை தயாராக இருக்கட்டும். காமாலை வந்தால் நீல விளக்குக்குக் கீழே வைப்பார்கள், டயப்பர் மட்டும்தான் உடை. காலை வெயிலில் காட்டினால் போதும் என்று சொல்பவர்கள் பேச்சைக் கேட்டு வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள்.

போன் சார்ஜர்: ஊரிலிருந்து கொண்டுவந்த உருண்டைப் பின் இங்கே சுவரில் சேராது, மூன்று தட்டைப் பின் உள்ள சார்ஜரும் நீளமான வயரும் வாங்குங்கள்.

வீட்டுக்குத் திரும்பும் பைக்கு ஒரு சின்னத் தலையணை. இருமும்போதும் சிரிக்கும்போதும் தையலை அழுத்திப் பிடிக்க, காரில் சீட் பெல்ட்டுக்கும் வயிற்றுக்கும் நடுவில் வைக்க. தோட்டத்துச் செம்மண் பாதையில் ஒவ்வொரு குழியும் தையலுக்குத் தெரியும், மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வருவது இங்கே கூடாது, சொந்தக் காரில் குழந்தை இருக்கை 2020 ஜனவரி முதல் கட்டாயம். அதை மாட்டக் கணவர் ஒரு முறை பழகிப் பார்க்கட்டும். கிளினிக் மிஸிகள் வீட்டுக்கே வந்து உங்களையும் குழந்தையையும் பார்ப்பார்கள், எனவே பிரசவத்துக்குப் பின் எந்த வீட்டில் இருக்கப் போகிறீர்கள் என்பதை எந்த டிவிஷன், எந்த லயம் (தோட்டத்து வீட்டு வரிசை), கோயிலுக்கு எந்தப் பக்கம் என்பது வரை எழுதிப் பிங்க் புத்தகத்தில் வையுங்கள். காய்ச்சல், தையலில் சீழ், நாற்றமடிக்கும் ரத்தப்போக்கு, ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், மூச்சு வாங்குதல், இதில் எது வந்தாலும் மிஸி வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

அம்மா வருகிறார்களா என்பதுதான் அடுத்த கேள்வி, தெரியும். இந்தியப் பாஸ்போர்ட்டில் விசா இல்லாமல் வரும் சலுகை 2023 டிசம்பரில் தொடங்கியது, தங்க 30 நாள். டிக்கெட் எடுக்கும் முன் அது இன்னும் நடப்பில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். தேதி குறித்த ஆபரேஷனின் ஒரே லாபம் இங்கேதான். அம்மாவை மூன்று வாரம் முன்னால் வரவழைத்து, நாளைச் சமையலறையில் கரைக்காதீர்கள். ஆபரேஷனுக்கு இரண்டு மூன்று நாள் முன்னால் வந்தால் போதும், பத்தியத்தில் பெரும்பகுதி அவர்கள் கையில் நடக்கும். கோலாலம்பூரின் கே.எல். சென்ட்ரலிலிருந்து வரும் ஈ.டி.எஸ். மின்சார ரயில்களில் சில சுங்கை சிப்புட்டிலேயே நிற்கும், ஈப்போவில் இறங்கி அலைய வேண்டாம். வருகைக்கு முன் நிரப்ப வேண்டிய டிஜிட்டல் கார்டை நீங்களே நிரப்பி அனுப்பிவிடுங்கள்.

பிறப்புப் பதிவுக்குத் தாமதிக்காமல் ஜே.பி.என். (தேசியப் பதிவுத் துறை) போங்கள். தமிழர் பெயரில் தகப்பன் பெயருக்கு முன்னால் ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்) சேர்ப்பது இங்கே வழக்கம், நாளை இந்தியப் பாஸ்போர்ட்டில் பெயர் எப்படி வர வேண்டும் என்று இருவரும் பேசி முடிவெடுத்துவிட்டு எழுதிக் கொடுங்கள், அச்சடித்த பின் எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். பெற்றோர் இருவரும் இந்தியக் குடிமக்கள் என்றால் ஒரு வருடத்துக்குள் கோலாலம்பூர் இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிய வேண்டும், பாஸ்போர்ட் வந்ததும் குழந்தைக்கான பாஸ்.

கணவருக்கும் ஒரு பை கட்டிக் கொடுங்கள். மாற்றுச் சட்டை, பல் துலக்கி, தண்ணீர்ப் பாட்டில், பிஸ்கட், காகிதங்களின் இன்னொரு நகல். சில்லறையும் போடுங்கள், பார்க்கிங்குக்கு அலைவார்.